பட்டம் பெறுவதற்கு மட்டுமா உயர்கல்வி?

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் எமது கிராமங்களில் இரண்டு விதமான வீடுகளைக் காணலாம். பிள்ளை பல்கலைக்கழகம் செல்லும் தகுதியைப் பெற்றுவிட்டாள் என்று அயலவருக்குச் சொல்லி மகிழும் வீடு ஒன்று. தகுதி பெற்றுவிட்டாளே, இனி என்ன செய்வது என்று தாய் அடுப்படியில் இருந்து யோசிக்கும் வீடு மற்றையது. பல வேளைகளில் இவை இரண்டும் ஒரே வீடாகவே இருக்கின்றன.

யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள், கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், அங்கவீனமுற்ற கணவனைப் பராமரித்துக்கொண்டு உழைப்பவர்கள் என வடக்கு கிழக்கில் குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கும் பெண்கள் ஏராளம். இவர்களுக்கு உயர்கல்வி என்பது மேடையில் பேசும் விடயமல்ல. அது எண்ணிப் பார்க்கவேண்டிய காசு. தோடு அடைவுக்குப் போகுமா, இளையவனின் ரியூசன் நிற்குமா, பெண்பிள்ளையைத் தூர இடத்துக்குத் தனியே அனுப்பலாமா, அனுப்பினாலும் நான்கு வருடங்களின் பின்னர் உத்தியோகம் கிடைக்குமா என்ற கேள்விகள் அடுத்தடுத்து வருகின்றன. இக் கேள்விகள் நியாயமானவை. ஆனால் இவற்றுக்கு விடை காண்பதற்கு முன்னர் உயர்கல்வி எதற்காக என்பதில் எமக்குத் தெளிவு வேண்டும்.

நாம் கடந்து வந்த பாதை

எமது பெண்கள் எழுத்தறிவு பெற்ற கதை இரு நூற்றாண்டுகள் பழைமையானது. 1824ஆம் ஆண்டில் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தனர். 1892இல் இலங்கை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, ஏழை வீட்டுப் பெண்பிள்ளையும் பல்கலைக்கழகம் வரை செல்லலாம் என்ற நிலையை உருவாக்கியது. இன்றும் அரச பல்கலைக்கழகங்களில் முதற் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை என்பது நாம் மறந்துவிடக்கூடாத உரிமையாகும்.

உயர்கல்வி எமது சமூகத்தில் ஆறாத காயமாகவும் இருந்திருக்கிறது. 1970களின் ஆரம்பத்தில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தலினால் தமிழ்மொழி மூல மாணவர்கள் சில பீடங்களுக்குச் செல்ல, சிங்களமொழி மூல மாணவர்களை விடக் கூடிய புள்ளிகளைப் பெறவேண்டியிருந்தது. அன்றைய இளைஞர்களின் விரக்திக்கு அது முக்கிய காரணங்களில் ஒன்று. 1974இல் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பிக்கப்பட்டது. 1981இல் மட்டக்களப்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

இவை அமைதியான காலத்தில் வளர்ந்தவை அல்ல. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகச் சமூகமும் சேர்ந்தே இடம்பெயர்ந்தது. 2009 ஆகஸ்டில் செட்டிகுளம் நலன்புரி நிலையங்களில், கூடாரங்களுக்குள் இருந்த பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். சில மாதங்களுக்கு முன்னர் பங்கருக்குள் இருந்த பிள்ளைகள் அவர்கள். பிள்ளைகளின் கையிலிருந்த புத்தகப் பையை மட்டும் தவறவிடாமல் கொண்டுவந்த தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள். அந்தத் தாய்மாருக்குக் கல்வியின் பெறுமதியை நாம் புதிதாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

உயர்கல்வியின் நோக்கம் என்ன?

எமது சமூகத்தில் இக் கேள்விக்கு வழமையான பதில் ஒன்று உண்டு. “படிச்சால்தானே ஒரு அரசாங்க உத்தியோகம் எடுக்கலாம்.” இது தவறான பதில் அல்ல. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் ஒரு குடும்பத்தை எப்படித் தாங்கும் என்பது, எல்லாவற்றையும் இழந்து பூச்சியத்திலிருந்து தொடங்கியவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆயினும் தொழில் என்பது உயர்கல்வியின் ஒரு பயன் மட்டுமே.

நவீன சமூகத்தில் எமது வாழ்வைத் தீர்மானிக்கும் பல விடயங்கள் கடதாசியில் நடைபெறுகின்றன. காணி உறுதி, கடன் ஒப்பந்தம், வைத்தியசாலை அறிக்கை, நீதிமன்ற அழைப்பாணை, பிரதேச செயலகப் படிவம் என்பவற்றை வாசித்து விளங்கிக்கொள்ளத் தெரியாதவர், தெரிந்த ஒருவரில் தங்கியிருக்க வேண்டியவராகிறார். அந்த ஒருவர் நல்லவராக இருந்தால் நன்று. இல்லையேல் ஏமாற்றப்படுகிறார். ஒரு கருத்தைக் கேட்டவுடன் நம்பிவிடாமல் ஆராய்வது, ஏன் என்று கேட்பது, மற்றவரின் வாதத்தைப் பொறுமையாகக் கேட்டுத் தனது வாதத்தை ஆதாரத்துடன் முன்வைப்பது ஆகிய பழக்கங்களை ஒருவரிடம் வளர்ப்பதே உயர்கல்வியின் அடிப்படை நோக்கமாகும்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் பணியின் நிமித்தம் சந்தித்த ஒரு தாயின் மகள் கலைப்பட்டதாரி. பட்டம் பெற்று இரண்டு வருடங்களாகியும் நியமனம் கிடைக்கவில்லை. “இவ்வளவு செலவழிச்சுப் படிப்பிச்சது வீண் எண்டு நினைக்கிறீங்களா அம்மா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார். “வேலை வரேக்க வரட்டும் பிள்ளை. முந்தி கடன்காரர் நீட்டின இடத்தில எல்லாம் கையெழுத்து வைச்சனான். இப்ப மகள் வாசிச்சுச் சொல்லாமல் ஒண்டிலயும் வைக்கிறேல்லை.” அந்த மகள் தனது வீட்டுக்கு மட்டுமன்றி, அயலில் உள்ள பல பெண்களுக்கும் விண்ணப்பங்களையும் முறைப்பாட்டுக் கடிதங்களையும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சம்பளப் பட்டியலில் இல்லாத இந்த வேலைக்கும் அவரது பட்டப்படிப்பே துணை நின்றது.

கற்றவர் தான் வாழும் சமூகத்துக்குக் கடமைப்பட்டவர் என்பதும் உயர்கல்வியின் நோக்கத்தில் அடங்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த டாக்டர் ரஜனி திராணகம தனது அறிவை விரிவுரை மண்டபத்துக்குள் மட்டும் வைத்திருக்கவில்லை. யுத்தத்தில் பெண்கள் அனுபவித்த துயரங்களைக் கேட்டு எழுத்தில் பதிவு செய்தார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி கடமை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 35. எல்லோராலும் அவரைப் போல் இருக்க முடியாது. ஆனால் படித்த பெண்ணின் அறிவு எதற்குப் பயன்படலாம் என்பதற்கு அவரது வாழ்வு ஒரு சான்றாகும்.

எதிர்நோக்கும் சவால்கள்

இலங்கையில் உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்கான தகுதியைப் பெறுபவர்களில் நால்வரில் ஒருவர் என்ற அளவிலேயே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கின்றது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதமானவை கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. வடக்கு கிழக்கின் எட்டு மாவட்டங்களும் இந்தப் பதினாறில் அடங்குகின்றன. ஆகவே தகுதி பெற்றும் இடம் கிடைக்காத பிள்ளையை “நீ ஒழுங்காகப் படிக்கவில்லை” என்று கடிந்துகொள்வது நியாயமல்ல. இடங்கள் குறைவு என்பதே உண்மை.

மகிழ்ச்சிக்குரிய விடயம், இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுவோரில் 60 வீதத்துக்கும் அதிகமானோர் பெண்கள் என்பதாகும். இருந்தும் அவர்களில் பெரும்பகுதியினர் கலைத்துறை சார்ந்த கற்கைகளிலேயே உள்ளனர். பொறியியல் போன்ற துறைகளில் ஆண்களே அதிகம். இது பெண்பிள்ளைகளின் ஆற்றல் சார்ந்த விடயமல்ல. பின்தங்கிய கிராமப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இல்லை. இருந்தாலும் ஆசிரியர் இல்லை. நகரப் பாடசாலைக்கு அனுப்ப வசதியில்லாத தாயின் மகள், தனக்குக் கிடைக்கும் பிரிவையே தெரிவு செய்கிறாள்.

அடுத்தது பணம். படிப்புக் கட்டணம் இல்லை என்றாலும் தங்குமிடம், சாப்பாடு, பஸ் செலவு, புத்தகம், மடிக்கணினி என்று செலவு தொடர்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இச் சுமை இன்னும் கூடியிருக்கிறது. மகாபொல புலமைப்பரிசிலும் பல்கலைக்கழக நிதியுதவியும் ஓரளவு கைகொடுக்கின்றன. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின்படி மகாபொல மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், நிதியுதவி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் முதல் நாளே இப்பணம் கைக்கு வருவதில்லை. ஆரம்ப மாதங்களைச் சமாளிக்க வீட்டில்தான் ஏதாவது செய்ய வேண்டும். கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடனை இத் தேவைக்கு எடுத்து, பின்னர் பிள்ளையின் படிப்பையே நிறுத்த வேண்டிய நிலைக்கு வந்த குடும்பங்களையும் நான் கண்டிருக்கிறேன்.

எமது பிரதேசங்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. உதவிக்கான விண்ணப்பங்களில் தந்தையின் பெயர், தொழில், வருமானம் என்ற கூடுகளுக்கு முன்னால் பல பிள்ளைகளின் பேனை நின்றுவிடுகிறது. இறந்தவர் என்று எழுதத் தாய்க்கு மனம் வராது. உயிருடன் இருக்கிறார் என்று எழுதினால் வருமானம் எவ்வளவு என்று கேட்பார்கள். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின் மூலம் காணாமற்போனோரின் உறவினர்கள் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். அதைப் பெறுவது, அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதாகாது. தேடுவதற்கான உரிமையும் அதனால் இல்லாமற் போவதில்லை. ஆனாலும் எந்தக் கடதாசியையும் வாங்குவதற்கு மனம் இடங்கொடுக்காத தாய்மார் உள்ளனர். அவர்களை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. அவ்வாறான நிலையில் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் குடும்ப நிலைமையை விளக்கி வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்கலாம்.

தூரமும் பயமும் அடுத்த சவால். பெண்பிள்ளைக்கு ருகுணவிலோ சப்ரகமுவவிலோ இடம் கிடைத்தால், மொழி தெரியாத ஊருக்கு எப்படி அனுப்புவது என்ற அச்சம் இயல்பானது. ஒரு காலத்தில் வீட்டு வாசலைத் தாண்டிச் சென்றவர்கள் திரும்பி வராத ஊர்கள் எமது ஊர்கள். அந்தப் பயத்தை “பழைய கதை” என்று ஒதுக்கிவிட முடியாது. பகிடிவதை பற்றிய செய்திகள் அதை மேலும் கூட்டுகின்றன. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் வன்முறையையும் தடை செய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி பகிடிவதை தண்டனைக்குரிய குற்றமாகும். இதனைத் தாயும் மகளும் அறிந்திருக்க வேண்டும். “எதையும் பொறுத்துக்கொள்” என்று சொல்லி அனுப்புவதிலும் பார்க்க, “எது நடந்தாலும் எனக்குச் சொல்லு, நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன்” என்று சொல்லி அனுப்புவதே பிள்ளைக்குப் பாதுகாப்பு.

பிரான்சியச் சமூகவியலாளர் பியர் போர்தியூ ஒரு விடயத்தை எடுத்துக்காட்டினார். படித்த குடும்பத்துப் பிள்ளை பணத்தை மட்டுமல்ல, எந்தத் துறையைத் தெரிவு செய்வது, யாரிடம் கேட்பது, விரிவுரையாளருடன் எப்படிப் பேசுவது என்ற பழக்கத்தையும் வீட்டிலிருந்தே கொண்டு செல்கிறது. முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்லும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தச் சொத்து இல்லை. ஆங்கிலத்தில் நடைபெறும் விரிவுரையில் முதல் மாதம் ஒன்றும் விளங்காதபோது, “எனக்கு இது சரிவராது” என்று அவள் முடிவெடுத்துவிடுகிறாள். அவளுக்குக் குறைவாக இருப்பது அறிவல்ல. சொல்லிக் கொடுக்க ஒருவர் இல்லாமையே அவளது குறை.

பட்டத்தின் பின்னரான காத்திருப்பு இறுதிச் சவால். 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரத்தில் கொட்டகை அமைத்துத் தொடர் போராட்டம் நடத்தினர். நாட்டில் உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே, அதிலும் பெண்களிடையே, வேலையின்மை கூடுதலாக இருப்பதை அரச புள்ளிவிபரங்களே காட்டி வருகின்றன. பட்டம் பெற்றவுடன் நியமனம் என்ற நம்பிக்கையை மட்டும் பிள்ளையின் மனதில் விதைத்தால், நியமனம் தாமதிக்கும்போது அவள் உடைந்து போவாள். படிக்கும் காலத்திலேயே ஆங்கிலம், சிங்களம், கணினி, கணக்குப் பதிவு, மொழிபெயர்ப்பு போன்ற திறன்களில் ஒன்றிரண்டையாவது சேர்த்துக் கற்பது அவசியமாகிறது.

கதவு ஒன்று மட்டுமல்ல

உயர்கல்வி என்றதும் பல்கலைக்கழகம் ஒன்றே எமது நினைவுக்கு வருகிறது. வெட்டுப்புள்ளியில் சிறிது குறைந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பிள்ளையும் தாயும் அழுகிறார்கள். உண்மையில் வேறு பல வழிகள் உள்ளன.

கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரிகள் ஆசிரியர்களை உருவாக்குகின்றன. விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தவர்களுக்குத் தாதியர் பயிற்சி இருக்கிறது. உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களில் கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம் முதலிய துறைகளில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் வழங்கப்படும் தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. அதன் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. தையல், மனைப் பொருளியல் என்று மட்டும் நின்றுவிடாமல் மின்னியல், கட்டட வரைபடம், உணவுத் தொழில்நுட்பம் என்பவற்றையும் பெண்பிள்ளைகள் தெரிவு செய்யலாம்.

இவ்விடத்தில் வாசகியரில் ஒரு பகுதியினருக்குத் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் இடைநடுவே படிப்பை விட்டவர்கள் நீங்கள். இடப்பெயர்வால் பரீட்சை எழுத முடியாமற் போனவர்கள், பாதுகாப்புக்காகச் சிறு வயதில் திருமணம் செய்துவைக்கப்பட்டவர்கள், ஆயுதம் ஏந்தவேண்டி வந்தவர்கள் எனப் பலர் இருக்கிறீர்கள். “இனி என்ட காலம் முடிஞ்சுது, பிள்ளையள் படிச்சால் போதும்” என்று சொல்வீர்கள். 1980இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 18 வயது பூர்த்தியான எவருக்கும் உரியது. வயதுக்கு மேல் எல்லை இல்லை. உயர்தரம் சித்தியடையாதவர்களும் அடிப்படைக் கற்கைநெறியிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பட்டம் வரை செல்லலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதன் பிராந்திய நிலையங்கள் உள்ளன. இங்கு கட்டணம் உண்டு என்பதையும், உழைத்துக்கொண்டு படிப்பது இலகுவல்ல என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் இரவில் விளக்கின் கீழ் பிள்ளையோடு சேர்ந்து தாயும் புத்தகம் விரிக்கும் வீட்டில், படி படி என்று பிள்ளைக்குச் சொல்லவேண்டிய தேவை குறைவு.

நாம் செய்யக்கூடியவை

பெறுபேறு வரும்வரை காத்திராமல், பிள்ளை உயர்தரம் படிக்கத் தொடங்கும்போதே ஆயத்தம் செய்வது நல்லது.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, குடும்பத்தாரின் மரண அல்லது காணாமற்போனமைச் சான்றிதழ் முதலியவற்றை ஒரே கோவையில் சேர்த்து வையுங்கள். பெயர் எழுத்துப் பிழைகள் இருந்தால் முன்கூட்டியே திருத்துங்கள். இடப்பெயர்வில் தொலைந்த சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பெறலாம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலைப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் துணையுடன் வாசியுங்கள். கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் நிரப்புவது மிக முக்கியம். அதை ரியூசன் நண்பிகளின் பேச்சுக்கோ தொலைபேசிக் கடைக்காரரின் அவசரத்துக்கோ விட்டுவிடாதீர்கள்.

பட்டம் தருவதாகப் பத்திரிகையிலும் முகநூலிலும் விளம்பரம் செய்யும் தனியார் நிறுவனங்களுக்குப் பணம் கட்டுமுன், அந்தக் கற்கைநெறி அங்கீகரிக்கப்பட்டதா என்பதை மானியங்கள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். வெளிநாட்டிலுள்ள சகோதரர் அனுப்பிய காசு இப்படிக் கரைந்துபோன கதைகள் உண்டு.

மாதர் சங்கத்திலோ சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்திலோ மாதம் ஒரு சிறு தொகையைப் பிள்ளையின் படிப்புக்கென்றே சேமியுங்கள். சங்கங்களும் தமது நிதியில் ஒரு பங்கை, பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளின் முதல் மாதச் செலவுக்கு வட்டியில்லாமல் கொடுக்கலாம். பெரிய நிறுவனங்களை எதிர்பார்க்காமல் கிராமத்துக்குள்ளேயே செய்யக்கூடிய காரியம் இது.

உங்கள் ஊரிலிருந்து முன்னர் அப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அக்காமாரைத் தேடிப் பிள்ளையை அறிமுகப்படுத்துங்கள். முடிந்தால் முதல் நாள் கூடவே சென்று விடுதியைப் பார்த்து வாருங்கள். அங்கே நாலு தமிழ்ப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, அவர்களின் தொலைபேசி இலக்கங்களையும் வாங்கி வந்தால் தாயின் பயத்தில் பாதி குறையும்.

சீதனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண் பிறந்த நாளிலிருந்து நகைக்கும் வீட்டுக்கும் சேர்க்கும் எமது வழக்கம் இலகுவில் மாறாது. ஆனால் “படிப்பிச்சால் அதுக்கேற்ற மாப்பிள்ளைக்கு இன்னும் கூடச் சீதனம் கேட்பினம்” என்று கணக்குப் பார்த்து, பிள்ளையின் படிப்பை நிறுத்துவது சரியல்ல. வீடு செல்லில் உடைந்ததையும், நகை இடப்பெயர்வில் ஒவ்வொன்றாக விற்றுத் தீர்ந்ததையும் எமது கண்களால் கண்டோம். கற்ற கல்வி மட்டுமே எந்தச் சோதனைச் சாவடியிலும் எவரும் பறித்துக்கொள்ள முடியாததாக இருந்தது.

உயர்கல்வியால் எமது வறுமை ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்றோ, இழந்தவை திரும்பி வரும் என்றோ எவரும் உறுதி கூற முடியாது. தொழில் வாய்ப்பை உருவாக்குவதும், பின்தங்கிய பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர்களை அனுப்புவதும், உதவித்தொகையை உரிய நேரத்தில் வழங்குவதும் அரசின் கடமைகள். அவற்றைக் கேட்பதற்கு எமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை அறிந்து, அச்சமின்றிக் கேட்கக்கூடிய பெண்களை உருவாக்குவதே உயர்கல்வியின் பெரிய பயன். உங்கள் மகள் படிக்க விரும்பினால், அவளது விருப்பத்தை முதலில் கேளுங்கள். பணத்துக்கும் தூரத்துக்கும் வழி தேடுவதை அதற்கு அடுத்ததாக, தனித்து நின்றல்ல, அயலிலுள்ள மற்றத் தாய்மாரோடு சேர்ந்து செய்யுங்கள்.